முடிவைச் சொல்ல முடியாத விமர்சனம்: நகரியில் ‘கேர் ஆஃப் கஞ்சரபாலெம்’

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில், ஒரு தறி ஷெட்டில் படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் வாய் திறந்தது பக்கத்து ஏகாம்பரகுப்பத்து அக்கா ஒருவர். “அப்போ அந்த மூணு பொண்ணுங்களும் இவனுக்குப் பாடம் சொல்லிக்குடுத்துட்டுப் போறதுக்குத்தான் வந்தாங்களா?”

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. அந்தப் படம் வெளியான வாரத்தில் தெலுங்கிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் தேடித் தேடிப் படித்த விமர்சனங்களில் அப்படி ஒரு கேள்வி இல்லவே இல்லை. விமர்சகர்களுக்கு அது தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியிருந்தாலும் அவர்களால் அதை எழுதியிருக்க முடியாது. ஏன் முடியாது என்று எனக்குப் புரிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் புரிதலைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்குப் படத்தின் முடிவைச் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

படமும் அது வந்த விதமும்

‘கேர் ஆஃப் கஞ்சரபாலெம்’ 2018 செப்டம்பர் 7 அன்று வெளியான தெலுங்குப் படம். வெங்கடேஷ் மகாவுக்கு இதுதான் முதல் படம். கஞ்சரபாலெம் விசாகப்பட்டினத்தில் உள்ள ஒரு பகுதி. (நம் ஊர்ப் பெயர்களில் வரும் ‘பாளையம்’தான் அங்கே ‘பாலெம்’.) நடித்தவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பகுதி மக்கள், எண்பது பேருக்கு மேல். அமெரிக்காவில் மருத்துவராக இருந்த பிரவீணா பருச்சூரி பணம் போட்டார், சலீமா என்ற முக்கியமான பாத்திரத்தில் நடிக்கவும் செய்தார். இசை ஸ்வீகார் அகஸ்தி. முடிந்த படத்தைப் பார்த்த பிறகுதான் நடிகர் ராணா டக்குபாட்டி சுரேஷ் புரொடக்ஷன்ஸ் நிறுவனம் மூலம் அதை வழங்க முன்வந்தார். அதே ஆண்டில் நியூயார்க் இந்தியத் திரைப்பட விழாவிலும் படம் திரையிடப்பட்டது.

இந்த வரிசைக்கும் வரவேற்புக்கும் தொடர்பு உண்டு. சொந்தப் பணத்தில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் எடுத்த படத்தைப் பத்திரிகைகள் கவனிக்காமலே போவதுதான் வழக்கம். இந்தப் படம் திரைக்கு வரும்போது ஒரு கையில் வெளிநாட்டு விழாவும் இன்னொரு கையில் பெரிய நிறுவனத்தின் பெயரும் இருந்தன. அதனால் எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் எழுதினார்கள். சுயாதீனப் படம் ஒன்றுக்கு இது பெரிய பாக்கியம்.

நான்கு காதல் கதைகள் மாறி மாறி வருகின்றன. பள்ளிக்கூடத்துச் சிறுவன் சுந்தரத்துக்கு உடன் படிக்கும் சுனிதா மேல் பிரியம். அடிதடிக்குப் போகிற இளைஞன் ஜோசப்புக்கும் பிராமணப் பெண் பார்கவிக்கும் காதல். சாராயக் கடையில் வேலை செய்யும் கட்டம், தினமும் பர்தாவோடு வந்து பாட்டில் வாங்கிப் போகும் பெண்ணின் கண்களை மட்டும் பார்த்து மயங்குகிறான். அவள்தான் சலீமா, பாலியல் தொழில் செய்பவள். நான்காவது கதையில் ராஜு அரசு அலுவலகத்தில் அட்டெண்டர். 49 வயதாகியும் அவருக்குக் கல்யாணம் ஆகாததே ஊருக்குப் பேச்சு. அந்த அலுவலகத்துக்கு அதிகாரியாக வருகிறார் ராதா, ஒடிசாக்காரர், கணவரை இழந்தவர், வளர்ந்த மகள் உள்ளவர். நான்கும் ஒரே ஊரில் ஒரே சமயத்தில் நடக்கின்றன என்று நம்பிக்கொண்டு பார்க்கிறோம். கடைசியில்தான் தெரிகிறது, சுந்தரம், ஜோசப், கட்டம், ராஜு எல்லாம் ஒரே ஆள். நாம் பார்த்தது ஒருவருடைய ஐம்பது வருட வாழ்க்கை.

(கட்டம் என்றால் தெலுங்கில் தாடி. திரையிடலுக்கு நான் எழுதி ஒட்டிய தமிழ்க் குறிப்பைப் படித்த பையன் ஒருவன் “கைலிக் கட்டமாணா?” என்று கேட்டான். விசைத்தறி ஊரில் வேறு எப்படிக் கேட்பான்?)

முதல் வாரம்

விமர்சனங்கள் கிட்டத்தட்ட ஒரே குரலில் பாராட்டின. தெலுங்குத் திரையுலகின் இயக்குநர்கள் பலரும் வெளிப்படையாகப் புகழ்ந்தார்கள். பிரம்மாண்டத்துக்குப் பேர்போன சினிமாவிலிருந்து இப்படி ஒன்று வந்திருக்கிறதே என்ற சந்தோஷம் எல்லோர் எழுத்திலும் தெரிந்தது. அது நியாயமான சந்தோஷம்தான்.

எதைப் பாராட்டினார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: ஊர் மக்களின் இயல்பான நடிப்பு, ஊரை அப்படியே காட்டிய விதம், இசை. சாதியும் மதமும் காதலுக்குக் குறுக்கே நிற்பதைப் படம் கூச்சல் போடாமல் சொல்கிறது என்பதையும் பலர் குறித்தார்கள். குறை என்று சொன்னது முதல் பாதியின் வேகத்தையும், சில இடங்களில் நடிப்பில் தெரியும் அனுபவமின்மையையும். அப்புறம் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு வரி இருந்தது: முடிவில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது, அதை நான் சொல்லப் போவதில்லை.

அந்த வரியில் தப்பில்லை. காசு கொடுத்துப் பார்க்கப் போகிறவருக்குச் செய்யும் மரியாதை அது. ஆனால் இந்தப் படம் என்ன சொல்கிறது என்பது முழுக்க அந்த முடிவில்தான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டால் விமர்சகர் கையில் மிஞ்சுவது ஊர், முகங்கள், பாட்டு. அவற்றைப் பற்றி எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். ‘நான்கு காதல் கதைகள் கொண்ட படம்’ என்ற அறிமுகமும் அப்படியே நிலைத்துவிட்டது. இது நான்கு கதை இல்லை, ஒரே கதை என்று சொல்லாமல் படத்தோடு சண்டை போட முடியாது. சண்டை போடாத பாராட்டு படைப்பைப் பாதியில் விட்டுவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

‘இயல்பு’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்க்காரர் நடித்தார் என்று தெரிந்துவிட்டால் அவர் நடிக்கவே இல்லை, சும்மா இருந்தார் என்கிற மாதிரி எழுதிவிடுகிறோம். எங்கள் ஊர்த் தறிக்காரர்களைக் கேளுங்கள். முப்பது வருடமாக அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற கை, பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தால் தடுமாறும். தினமும் செய்கிற காரியத்தை யாரும் பார்க்காதது போலச் செய்து காட்டுவது பெரிய வேலை. ராஜுவாக வரும் சுப்பாராவ் ஊர்க்காரர்களின் கேலியைச் சிரித்தபடி வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றனவே, அது ‘இருப்பு’ இல்லை. படத்தின் முடிவு தெரிந்த ஒருவர், அதைத் தன் முகத்தில் காட்டிவிடாமல் நடித்த நடிப்பு. இதையும் முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது.

நகரிப் பக்கம்

1960 இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. சென்னை எங்களுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விசாகப்பட்டினம் எழுநூறுக்கும் மேல். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு போவது திருத்தணிக்கு, பட்டா வாங்கப் போவது சித்தூருக்கு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழில் கதை கதையாகப் பேசுகிற பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆகவே ஒரு தெலுங்குப் படம் எங்களுக்கு அயல் மொழிப் படமும் இல்லை, முழுக்க வீட்டுப் படமும் இல்லை.

நானும் நண்பர்கள் சிலரும் மாதம் ஒரு ஞாயிறு, தறி ஓடாத நேரமாகப் பார்த்து, ஒரு ஷெட்டில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவோம். தறிக்காரர்கள், ஒரு தெலுங்கு வாத்தியார், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று இருபது பேர் வருவார்கள். இந்தப் படத்தைத் திருப்பதியில் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்தே இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் துடிப்பு. 2019 தொடக்கத்தில் காட்டினோம். முடிவைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. பெரியவர்கள் யாரும் விமர்சனம் படித்திருக்கவில்லை.

முதல் கால் மணி நேரம் பேச்சு பிடிபடவில்லை. சித்தூர்த் தெலுங்கு கேட்டுப் பழகிய காதுக்கு விசாகப்பட்டினம் பக்கத்து வட ஆந்திரப் பேச்சு வேறு ஓட்டத்தில் போகிறது. வாத்தியார் சில சொற்களை எடுத்துக் கொடுத்தார். ஆச்சரியம் என்னவென்றால், எல்லோருக்கும் முதலில் நெருக்கமானவர் ராதா. ஒடிசாவிலிருந்து வந்து, பிறத்தியார் மொழியில் அலுவலகம் நடத்துகிற பெண். “எங்க பெரிய பொண்ணு காளஹஸ்தியில வேலைக்குச் சேர்ந்தப்போ இப்படித்தான் அளந்து அளந்து பேசும்” என்றார் ஒருவர். நான் படித்தவற்றில் ராதாவின் மொழியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லையில் இருப்பவர்களுக்கு அதுதான் முதலில் கேட்கிறது.

பெயர் மாறுவதும் அப்படித்தான். ஒரே ஆள் சுந்தரமாகவும் ஜோசப்பாகவும் ராஜுவாகவும் இருப்பது நம்பும்படி இல்லை என்று திருப்பதியில் என்னோடு படம் பார்த்தவர்கள் வாதாடினார்கள். இங்கே ஒருவர்கூட அதைக் குறையாகச் சொல்லவில்லை. தெலுங்குப் பதிவேடு ‘இண்டி பேரு’, அதாவது குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அந்த வழக்கம் கிடையாது. அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ முன்னால் ஏறிவிடும். வீட்டில் கூப்பிடுவது ஒன்று, ரேஷன் கார்டில் இருப்பது ஒன்று என்று வாழ்கிறவர்களுக்கு ஒரு மனிதனுக்கு நாலு பெயர் இருப்பது புதிரே இல்லை.

“மூஞ்சியே ஒத்துப்போகலையே பெரியப்பா, அது உறுத்தலையா?” என்று நான்தான் கேட்டேன். சிறுவன், இளைஞன், நடுவயதுக்காரர், 49 வயதுக்காரர் என்று நான்கு பேர் நடித்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைச் சின்ன வயதிலிருந்து ஒரு ராத்திரி விடாமல் பார்த்தவர். “வில் வளைக்கிற அன்னைக்கு அர்ச்சுனன் வேஷம் ஒருத்தன் கட்டுவான். தபசு மரம் ஏற்ற அன்னைக்கு இன்னொருத்தன் ஏறுவான். இவன் வேற அர்ச்சுனன்னு எவனாவது எழுந்து போயிருக்கானா?” என்று கேட்டார்.

எனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. சாதாரணமாக இத்தகைய படங்களின் வடிவத்தை மேல்நாட்டுப் பாணி என்று எழுதிவிடுகிறோம். பதினெட்டு நாள் பாரதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரே பாத்திரம் பல உடம்பில் வருவது பிறந்ததிலிருந்து தெரிந்த இலக்கணம்.

வடிவத்தைப் பற்றி அன்றைக்குப் பேசியதில் மிகச் சரியான வாக்கியம் ஒரு தறிக்காரருடையது. விமர்சனங்களில் ‘நான்கு இழைகளைப் பின்னி’ என்று எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்டினேன். அவர் மறுத்தார். “நாலு இழை இல்லணா. பாவு ஒண்ணுதான். ஊடைதான் நாலு கலர்.” நீளவாக்கில் ஓடுகிற பாவு ஒரே மனிதன். குறுக்கே நிறம் மாறி மாறி ஓடுகிற ஊடை அந்தப் பெண்கள். அப்படிச் சொன்னவுடன்தான் அக்காவின் கேள்வி எவ்வளவு கனமானது என்று எனக்கு உறைத்தது. பாவு அவன், ஊடை அவர்கள் என்றால், அவர்கள் ஒவ்வொருவரும் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறார்கள். அவன் மட்டும் கடைசிவரை போகிறான்.

முடிவு தெரிந்தவர்கள்

இரண்டு மாதம் கழித்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இன்னொரு முறை போட்டோம். அவர்கள் செல்போனில் விமர்சனம் படித்துவிட்டு வந்தவர்கள். முடிவு என்னவென்று தெரியாது, ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரியும். அந்த ராத்திரி படம் பார்த்த விதமே வேறாக இருந்தது. கடைக் காட்சியில் எந்தக் காலத்து பாட்டில், அந்தத் தெருவில் என்ன வண்டி என்று துப்பறிந்துகொண்டே இருந்தார்கள். பாதியிலேயே இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் சலீமா கொல்லப்படும் இடம் அவர்களைத் தொடவே இல்லை. முதல் திரையிடலில் அந்த இடத்தில் ஷெட்டில் ஒரு சத்தம் இல்லை. ஆச்சரியம் இருக்கிறது என்று சொல்வதே பாதி முடிவைச் சொன்ன மாதிரிதான் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். மறைத்ததால் விவாதம் போனது, மறைப்பதை அறிவித்ததால் பார்வையும் கெட்டது.

அதில் ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் ஆண்டு படிப்பவள், வாத்தியாரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றாள். சுனிதாவுக்கும் பார்கவிக்கும் அப்பாக்கள் முடிவு செய்கிறார்கள், சலீமாவை ஊர் முடிவு செய்கிறது, மூன்று பேரும் போன பிறகு என்ன ஆனார்கள் என்று படத்துக்கு அக்கறை இல்லை என்பது அவள் கட்சி. “கதைன்னா யாரோ ஒருத்தர் கூடத்தான் போக முடியும்மா” என்றார் வாத்தியார். “அப்போ நாலு காதல் கதைன்னு போர்டு வைக்கக்கூடாது சார்” என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆனால் அதை முழுக்க ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. காரணம் ராதா. ராதா அண்ணனை எதிர்த்து நிற்கிறார், மகள் அம்மா பக்கம் நிற்கிறாள், இந்த முறை முடிவு பெண் கையில் இருக்கிறது. முதல் மூன்று பேருக்கும் மறுக்கப்பட்டது நான்காமவருக்குக் கிடைக்கிறது என்று வாசித்தால், படம் ராஜுவின் வாழ்க்கையோடு சேர்த்து, கஞ்சரபாலெத்துப் பெண்கள் எதைக் கடந்து வந்தார்கள் என்பதையும் சொல்கிறது. இதைப் படத்தின் பலவீனமாகவும் எடுக்கலாம், பலமாகவும் எடுக்கலாம். எப்படி எடுத்தாலும், இதுதான் முதல் வாரத்திலிருந்து நடந்திருக்க வேண்டிய விவாதம்.

தமிழில் வந்தபோது

2021 பிப்ரவரி 12 அன்று ‘கேர் ஆஃப் காதல்’ என்ற பெயரில் தமிழ் வடிவம் வெளியானது. இயக்கியவர் ஹேமம்பர் ஜாஸ்தி. கதை நடக்கும் இடம் மாறியது, மற்றபடி மூலத்தைப் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது. தமிழில் நான் படித்த விமர்சனங்கள் ஒப்பீட்டிலேயே நின்றன. மூலம் பார்த்தவர்களுக்கு முடிவு தெரியும், பார்க்காதவர்களுக்காக அவர்களும் முடிவை மறைத்தார்கள். விவாதிக்க இரண்டாவது முறை கிடைத்த வாய்ப்பும் அப்படியே போனது. இதில் விமர்சகர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமை பார்த்து அன்றைக்கே எழுத வேண்டியவருக்கு வேறு வழியில்லை. ஆறு மாதம் கழித்து, முடிவைப் போட்டு உடைத்து எழுத ஒரு பக்கம் ஒதுக்குகிற பத்திரிகைதான் நம்மிடம் இல்லை. பின்னிய கதைகளைக் கொண்ட படங்களுக்கு அந்த இரண்டாவது பக்கம் கட்டாயம் வேண்டும். புத்தகங்களுக்கு அப்படி எழுதுகிறோமே.

எங்கள் ஷெட்டில் அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். படத்துக்கு முன்னால் ஒட்டும் குறிப்பில் எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த வருடம், அவ்வளவுதான். ஆச்சரியம், திருப்பம் என்ற சொற்களே கிடையாது. படம் முடிந்த பிறகு படிக்க இன்னொரு குறிப்பு, முடிவையும் சேர்த்து. அதைத் தமிழிலும் தெலுங்கு எழுத்திலும் போடுகிறோம்.

தமிழ் வடிவத்தைப் பார்த்த பிறகு அக்கா தெலுங்குப் படத்தை மறுபடி போடச் சொன்னார். மழை நாள், எட்டுப் பேர்தான் வந்தார்கள். படம் முடிந்ததும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், முதல் கேள்வியை மறுபடி கேட்பார் என்று.

“இந்தத் தடவ அவனை நான் பாக்கவே இல்ல தம்பி. அவ கடைக்கு வர்றப்போல்லாம் அவளை மட்டும் பாத்தேன். அவ முதல்லருந்தே அவனை எடை போட்டுக்கிட்டுத்தான் இருக்கா” என்றார். அப்புறம் அந்தக் கடைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். ஓட்டினோம். கம்பிக்கு இந்தப் பக்கம் தாடிக்காரன், அந்தப் பக்கம் இரண்டு கண்கள். எட்டுப் பேரும் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.